துப்புரவுக்குப் பெயர் உண்டா?

"சித்தி, நாலு நாளாகக் குப்பை கூட்டுகிறேன். ஆபீஸில் மேலதிகாரி, 'புதிதாக என்ன செய்தாய்?' என்று கேட்கிறார்" என்று அலுத்துக் கொண்டாள் அக்காவின் பெண். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்ஜினீயர் பெண்ணுக்குக் குப்பை கூட்டும் உத்தியோகமா?

பிறகுதான் விஷயம் விளங்கிற்று. அவள் பெருக்குவது 'லினக்ஸ்' என்னும் கம்ப்யூட்டர் புரோகிராமை. 1991-ல் ஃபின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கியது அது. இன்று நம் ஆண்ட்ராய்டு செல்போனுக்குள்ளும் அதுதான் அஸ்திவாரம்.

பால் பொங்கி வந்தால் அடுப்பைத் தணிக்கிறோம் அல்லவா? செல்போனின் பிராசஸருக்கும் அப்படியே. வேலை மிகுந்தால் வேகம் கூட வேண்டும். ஓய்ந்தால் தணிய வேண்டும். வேகத்தையும் மின் அழுத்தத்தையும் சேர்த்து ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால், அது ஓடுவதற்கு ஆகும் மின்சாரம் கணக்குப்படி ஏறக்குறைய பாதியாகிவிடும்! சூடும் குறையும், பாட்டரியும் தாங்கும்.

இப்படித் தணிக்கும் பகுதியில்தான் குப்பை. சிப்புக்குச் சிப்பு தனி 'டிரைவர்' உண்டு. வேகத்தை மாற்றுமுன் ஒரு முறை, மாற்றியபின் ஒரு முறை மற்றப் பகுதிகளுக்குச் சொல்லியாக வேண்டும். அவற்றில் சில அந்த வேகத்தை நம்பியே தங்கள் கணக்கை நடத்துகின்றன. முன்பெல்லாம் இந்த வரிகளையே ஒவ்வொரு டிரைவரும் தனித்தனியே வைத்திருந்தது. ஒன்றில் பிழையைத் திருத்தினால் மற்றதில் அப்படியே கிடக்கும். 2013-ல் அந்தப் பொறுப்பைப் பொது இடத்துக்கு மாற்றினார்கள். வேகத்தை மாற்றுவது மட்டும் டிரைவரின் வேலையாயிற்று.

அவ்வளவும் செய்த பிறகும் மூலை முடுக்கில் பழையது மிஞ்சத்தானே செய்யும்? அதைத்தான் இவள் கூட்டுகிறாள்.

"வேண்டாததை எறிய எத்தனை நேரம் ஆகும்?" என்று கேட்டேன்.

"எது வேண்டாதது என்று கண்டுபிடிக்கத்தான் சித்தி, நாலு நாள்! ஒரு வரியை அழிக்கப் போனேன். நல்ல வேளை, விசாரித்தேன். பழைய சிப் ஒன்றுக்கு அது வேண்டுமாம். அழித்திருந்தால் யாரோ ஒருவருடைய மெஷின் நின்றிருக்கும்."

பரணில் கிடந்த ஓட்டைப் பெட்டியை எறியப் போய், அதற்குள் வீட்டுப் பத்திரம் இருந்ததைக் கண்டவள் நான். எனக்குச் சொல்லவா வேண்டும்?

கடைசியில் அவள் சேர்த்தது பத்து வரி. நீக்கியது நூற்றுக்கு மேல். செல்போன் முன்போலவே வேலை செய்கிறது. அடுத்த தடவை பிழை வந்தால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும்.

"மேலதிகாரியிடம் அதைச் சொல்லேன்" என்றேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் வந்ததும் வராததுமாக, "பகல் முழுக்க என்ன செய்தாய்?" என்றார். அலமாரியைத் திறந்து காட்டினேன். இரண்டு நாளாகத் தேடிய மூக்குக் கண்ணாடி எதிரிலேயே இருந்தது. மனுஷர் மறுபேச்சுப் பேசவில்லை!