ஓர் ஊர், இரு பாடல்கள்

பாடியவர் பெயரையோ பாவகையையோ கொண்டு ஒரு பாட்டை உயர்த்துவதும் தாழ்த்துவதும் பொருந்தா. இராமநாதபுரத்தை அடுத்த உத்தரகோசமங்கையைப் போற்றி மாணிக்கவாசகர் பாடிய பதிகங்களுள் இரண்டை அடுத்தடுத்துக் கேட்பின் இவ்வுண்மை புலனாகும்.

நீத்தல் விண்ணப்பம் கட்டளைக் கலித்துறையில் அமைந்த 50 பாடல்களை உடையது. தம்மைக் கைவிடலாகாது என்னும் வேண்டுகோளே அதிற் மீண்டும் மீண்டும் ஒலிக்கிறது. கூறியது கூறல் குற்றம் எனக் கற்றோர் சிலர் முகஞ்சுளிக்கலாம். ஆயின், அந்தாதியாதலின் ஒரு பாட்டின் முடிவே அடுத்த பாட்டின் தொடக்கமாகிறது. அஞ்சிய குழந்தை தாயின் முந்தானையை எளிதில் விடுமோ? பற்றியதை விடாத அந்நெஞ்சிற்கு அந்தாதியே ஏற்ற யாப்பு.

திருப்பொன்னூசலோ மகளிர் ஊஞ்சலாடிப் பாடும் வகையினது. 9 பாடல்களே உடையது. பவளக் கால், முத்துக் கயிறு, பொற்பலகை என்று ஊஞ்சல் கண்முன் எழுகிறது. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த கரையினர்க்கு இவை வெற்றுப் புனைவாகத் தோன்றியிரா. 'விளையாட்டுப் பாட்டுத்தானே' என்று இகழ்வோர், ஆடும் ஊஞ்சலில் அமர்ந்து அதனைப் பாடிப் பார்த்திலர் போலும்!

2005-ஆம் ஆண்டில் இளையராஜா திருவாசகப் பாடல்கள் சிலவற்றை மேனாட்டுப் பல்லிய இசையுடன் வெளியிட்டார். ஓதுவார் முறைக்கு மாறானது என்று அதனை முற்றும் தள்ளுதல் தகாது. புதுமை என்பதற்காகவே முற்றும் புகழ்தலும் தகாது. இசைக்கருவிகளின் முழக்கத்திடையே மாணிக்கவாசகரின் சொல் எங்கே ஓங்குகிறது, எங்கே அமிழ்கிறது என்பதை ஒவ்வொரு பாட்டாகக் கேட்டே கூறல் வேண்டும்.