ஹெட்லைட்டுக்குமா போராட்டம்? ஆமாம், ஹெட்லைட்டுக்கும்தான்!



முல்லைப் பெரியாறு தண்ணீருக்கு நோட்டீஸ் போட்டிருக்கிறோம். வாழைக்கும் திராட்சைக்கும் கட்டுபடியான விலை கேட்டு நோட்டீஸ் போட்டிருக்கிறோம். இந்தத் தடவை ஒரு ட்ராக்டர் ஹெட்லைட்டுக்காகப் போடுகிறோம். "செயலாளருக்கு வேற சோலி இல்லையாக்கும்" என்று சிலர் சிரிக்கலாம். சிரித்துவிட்டுப் படியுங்கள். முதலில் நாங்களே சிரித்தவர்கள்தான்.

நடந்தது இதுதான். உத்தமபாளையம் பக்கத்தில் நமது சங்க உறுப்பினர் ஒருவர், ஒன்றரை ஏக்கர் இருபோக நிலத்துக்காரர், பேங்க் கடன் வாங்கி ஒரு ட்ராக்டர் எடுத்தார். தன் நிலத்தை உழுதது போக, மீதி நேரம் அக்கம்பக்கத்தில் மணி வாடகைக்கு அவரே ஓட்டுகிறார். தவணையைக் கட்டுவது அந்த வாடகைதான். முந்நூறு மணி நேரம் கூட ஓடவில்லை, இடது பக்க ஹெட்லைட்டுக்குள் ஆவி படிந்தது. தொளி உழவில் தெறிக்கிற தண்ணீர், கண்ணாடியைச் சுற்றியிருக்கிற ரப்பர் வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. இலவச சர்வீஸுக்குப் போனபோது காட்டினார். "அது காஞ்சிரும்ணே, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்று மெக்கானிக் பையன் சொன்னான். ஜாப் கார்டில் ஒரு எழுத்து எழுதவில்லை. இவரும் கேட்கவில்லை. தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

இரண்டாம் போக நடவு நேரம். நாற்று முற்றிக்கொண்டிருக்கிறது, வாய்க்காலில் முறைத் தண்ணீர் வந்துவிட்டது, பத்துப் பேர் ட்ராக்டருக்குக் காத்திருக்கிறார்கள். லோயர் கேம்ப் தொடங்கி பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரும் ஒரே மாதத்தில் உழவு கேட்டால் ராத்திரியும் ஓட்டித்தான் ஆக வேண்டும். அப்படி ஓட்டிய ஒரு ராத்திரி, சூடாக இருந்த விளக்கில் தண்ணீர் பட்டு கண்ணாடி கீறிப் போச்சு, பல்பும் போச்சு. மறுநாள் ஷோரூமுக்கு ஓடினார்.

"கண்ணாடி உடைஞ்சா வாரண்டி கிடையாதுண்ணே. கல்லு பட்ருக்கும். புதுசு வாங்கி மாட்டிக்கங்க."

அவர் எங்களிடம் வந்தார். நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? "ரெண்டாயிரம் ரூவா சமாச்சாரம், அதுக்குப் போயி அலையணுமாய்யா, வாங்கி மாட்டிட்டுப் போ" என்று சொன்னோம். அந்த ரெண்டாயிரம் அவர் கையில் இல்லை. தவணை நாள் அந்த வாரம். ஒற்றைக் கண்ணோடு நாலு நாள் ஓட்டினார். அஞ்சாம் நாள் ராத்திரி, வரப்பு முடிகிற இடம் தெரியாமல் முன்சக்கரம் வாய்க்காலில் இறங்கி, இவர் சீட்டிலிருந்து சரிந்து மணிக்கட்டு எலும்பு முறிந்தது. வண்டி கவிழ்ந்திருந்தால் இந்த நோட்டீஸை வேறு மாதிரி அச்சடித்திருப்போம்.

இதில் எங்களுக்கும் பங்கு உண்டு. அதனால்தான் எழுதுகிறோம். ஷோரூம் பெயரையும் கம்பெனி பெயரையும் எழுதவில்லை. விசாரித்ததில், வேறு வேறு கம்பெனி வண்டிக்காரர்களும் இதே பதிலைத்தான் வாங்கி வந்திருக்கிறார்கள்.

சரி, கல் பட்டதா, தானாகக் கீறியதா? கண்ணாடியே சொல்லும். கல் பட்டால் பட்ட இடத்தில் சில்லு பெயர்ந்து, அங்கிருந்து நாலா பக்கமும் கோடு ஓடும். சூட்டிலும் தண்ணீரிலும் கீறினால் பட்ட புள்ளியே இருக்காது, ஓரத்திலிருந்து வளைந்து ஒரு கோடு போகும். இன்னொரு சாட்சியும் உள்ளே இருக்கிறது. இவருடைய விளக்கில் பளபளப்புத் தகடு ஓரம் முழுக்கத் துருவேறிக் கிடந்தது. முந்தின நாள் உடைந்த கண்ணாடிக்குள் ஒரே ராத்திரியில் அவ்வளவு துரு எப்படி வரும்? ரப்பர் பழுதாகித் தண்ணீர் இறங்கி வாரக்கணக்கு ஆகிவிட்டது. அது தயாரிப்புக் கோளாறு. கண்ணாடி உடைந்தது அதன் விளைவு.

கட்டுக் கட்டின கையோடு அவரையும் கூட்டிக்கொண்டு அஞ்சு பேர் ஷோரூமுக்குப் போனோம். சத்தம் போடவில்லை. "ஜாப் கார்டு போடுங்க. இன்ன தேதி, இத்தனை மணி நேரம் ஓடியிருக்கு, இன்ன குறைன்னு எழுதி, வாரண்டி தரமாட்டோம்னா அதையும் காரணத்தோட எழுதிக் குடுங்க" என்று மட்டும் கேட்டோம். வாயால் மறுப்பது சுலபம், எழுதி மறுப்பது கஷ்டம். ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். டீ வந்தது, ஜாப் கார்டு வரவில்லை.

அப்போது மேனேஜர் ஒரு சட்டம் பேசினார். "அண்ணே, நீங்க வாடகைக்கு ஓட்றீங்க. இது வியாபாரம். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனாலும் எடுக்க மாட்டாங்க."

இதற்குப் பயந்துதான் நம்மில் பாதிப் பேர் திரும்பி வந்துவிடுகிறோம். நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வியாபார நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்று சட்டம் சொல்வது உண்மைதான். ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கித் தானே பயன்படுத்தினால் அது வியாபார நோக்கம் ஆகாது என்று அதே சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. நிறுவனம் சம்பந்தப்பட்ட ஒரு இயந்திர வழக்கில் 1995-இல் உச்சநீதிமன்றம் இதை விளக்கியது. தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோவோ லாரியோ வாங்கினவர் நுகர்வோர்தான், துணைக்கு ஒண்ணு ரெண்டு பேரை வைத்துக்கொண்டாலும் நுகர்வோர்தான் என்றது. அந்த வழக்கைப் போட்ட கம்பெனி தோற்றது வேறு கதை. விளக்கம் நமக்குச் சாதகம். ஆனால் முழுக்க முழுக்க டிரைவர் போட்டு ஓட்டுகிறவர்களுக்கு இது பொருந்தாது, அதையும் சொல்லிவிடுகிறோம். 2012-இல் தேசிய விதைக் கழக வழக்கில், விதை வாங்கி ஏமாந்த விவசாயியும் நுகர்வோர்தான் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. விளைச்சலை விற்கிறாயே, நீ வியாபாரிதானே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

இன்னொரு தீர்ப்பு, கோபக்காரர்களுக்காக. "புது வண்டியே மாத்திக் குடு" என்று சிலர் குதிப்பார்கள். ஒரு கார் வழக்கில் 2006-இல் உச்சநீதிமன்றம், வாரண்டியில் எழுதியிருப்பது பழுதான பாகத்தை மாற்றித் தருவதுதான், வண்டியை அல்ல என்று சொல்லிவிட்டது. அதனால் விளக்கைக் கேளுங்கள், வண்டியைக் கேட்காதீர்கள். விளக்கை விட்டுக் கொடுக்காதீர்கள்.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். விளக்கை நாலு பக்கமும் போட்டோ எடுத்தோம், அவர் மீட்டரையும் சேர்த்து. ஒரு வெள்ளைத் தாளில் தமிழிலேயே புகார் எழுதி டீலருக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று ஸ்பீட் போஸ்டில் அனுப்பினோம். ரசீதைப் பத்திரப்படுத்தினோம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டுப் பதிவு செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொண்டோம். பதினஞ்சு நாளில் பதில் இல்லையென்றால் தேனி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவோம் என்று கடிதத்திலேயே எழுதினோம். 2020-இல் அமலுக்கு வந்த புதுச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனி இருக்கிற ஊருக்கு அலைய வேண்டாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே கிடையாது, அதற்கு மேல் போனாலும் சிறு தொகைதான். வக்கீல் வைக்கலாம், நாமே நின்றும் பேசலாம். குறை ஏற்பட்டு இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இழுக்கும், பொய் சொல்ல மாட்டோம்.

வழக்கு வரை போகவில்லை. இருபத்து மூன்றாம் நாள் ஷோரூமிலிருந்து போன். "உங்க லைட் வந்திருச்சுண்ணே, ஒரு எட்டு வாங்க." கூலியும் வாங்கவில்லை. அதே விளக்கு, அதே வாரண்டி, முதல் நாளே தந்திருக்கலாம். அந்த இருபத்து மூன்று நாள் வாடகையையும் ஆஸ்பத்திரிச் செலவையும் யார் தருவது?

இதற்கு நடுவில் இன்னொரு குழி இருக்கிறது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்குக் கம்பத்திலோ தேனியிலோ கடையில் எல்.இ.டி. லைட் வாங்கி, ஒயரை வெட்டி ஒட்டி மாட்டிவிடுகிறோம். அதைப் பார்த்ததும் "ஒயரிங்கை வெட்டிட்டீங்க, இனிமே எலெக்ட்ரிக்கல் வாரண்டி எதுவும் கிடையாது" என்று ஷோரூம்காரர் கை கழுவுவார். மாட்டித்தான் ஆக வேண்டுமென்றால் பழைய ஒயரைத் தொடாமல் தனி ஒயர் இழுத்து மாட்டுங்கள். கழற்றின விளக்கைப் பழைய இரும்புக்காரனிடம் போடாதீர்கள், அதுதான் சாட்சி.

"ட்ராக்டர் வச்சிருக்கவன் பாடு, அரை ஏக்கர்க்காரன் எனக்கென்ன?" என்று கேட்பீர்கள். ஊரில் ஓடுகிற நாலு வண்டியில் ஒன்று நின்றால் மிச்ச மூன்று வண்டிக்காரர்கள் மணி வாடகையை ஏற்றுவார்கள். உங்கள் நாற்று முற்றும். ஒற்றை விளக்கோடு ட்ரெய்லர் தேனி - குமுளி ரோட்டில் வந்தால், எதிரே வருகிறவன் மோட்டார் சைக்கிள் என்று நினைத்து நெருங்குவான். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப சாமிகள் வண்டி விடிய விடிய ஓடுகிற ரோடு அது. விடியுமுன்னே ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கம்பம் மெட்டும் போடி மெட்டும் ஏறுகிற ஜீப்புகளையும் நினைத்துப் பாருங்கள். அந்த ஜீப்பில் போவது நம் வீட்டுப் பெண்கள்.

அமெரிக்காவிலும் இதே சண்டை நடக்கிறது என்றால் நம்புவீர்களா? ஜான் டீர் ட்ராக்டரைத் தாங்களே ரிப்பேர் பார்க்க விடாமல் கம்பெனி பூட்டி வைத்திருக்கிறது என்று அங்குள்ள விவசாயிகள் வருஷக்கணக்கில் போராடினார்கள். 2023-இல் கொலராடோ மாநிலம் விவசாயிகளுக்கு ரிப்பேர் உரிமைச் சட்டமே போட்டது. 2025 ஜனவரியில் அந்நாட்டு அரசு அமைப்பே கம்பெனி மீது வழக்குப் போட்டது. நம் நாட்டிலும் 2022-இல் மத்திய நுகர்வோர் துறை ரிப்பேர் உரிமைக்குக் குழு போட்டது. முதலில் எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் விவசாயக் கருவிகளும் ஒன்று. அந்த வருஷம் டிசம்பரில் இணையதளமும் திறந்தார்கள். இணையதளம் விளக்கு மாட்டித் தராது. அதற்கு ஷோரூமில் ஆளும் வேண்டும், அலமாரியில் பாகமும் வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது சலுகை அல்ல. வேளாண்மைப் பொறியியல் துறை மானியத்தில் கருவிகள் தருகிறது. சிறு, குறு விவசாயிக்கு மத்தியத் திட்டத்தில் பாதி வரை மானியம். அது மக்கள் வரிப்பணம். எந்தக் கம்பெனி வண்டிக்கு மானியம் என்று பட்டியல் வைத்திருக்கிற துறை, விற்ற பிறகு அந்தக் கம்பெனி எப்படி நடந்துகொள்கிறது என்று ஏன் கேட்கக் கூடாது? சாதாரண பாகங்களை மாவட்டத்துக்குள்ளேயே இருப்பு வைக்காத, ஜாப் கார்டு நகல் தராத கம்பெனியைப் பட்டியலை விட்டுத் தூக்கு என்கிறோம். வாரண்டிப் புத்தகத்தைத் தமிழில் கொடு என்கிறோம். விளம்பரத்தில் அஞ்சு வருஷம், ஆறு வருஷம் என்று கொட்டை எழுத்து. பல்பு, டயர், பேட்டரி சேராது என்பது மட்டும் இங்கிலீஷில் எறும்பு எழுத்து.

அடுத்த மாத விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில், தேனி கலெக்டர் அலுவலகத்தில், இதை எழுத்து மூலமாகக் கொடுக்கப் போகிறோம். உடைந்த ஹெட்லைட், உருகின ஹோல்டர், மாற்றித் தர மறுத்த எந்தப் பாகமானாலும் சரி, ட்ராக்டரோ பவர் டில்லரோ மருந்தடிக்கிற மிஷினோ, சாக்கில் போட்டுக் கொண்டு வாருங்கள். கலெக்டர் மேஜை முன்னால் வரிசையாக வைப்போம். பில், வாரண்டி கார்டு, சர்வீஸ் புத்தகம் மூன்றுக்கும் ஜெராக்ஸ் எடுத்து வரவும். பில் தொலைத்தவர்கள் இரண்டு நாள் முன்னதாகவே சங்க அலுவலகத்துக்கு வந்தால், டீலரிடம் நகல் கேட்டு மனு எழுதித் தருகிறோம். காலை பத்து மணிக்குள் வாசலில் கூடிவிட வேண்டும்.