வண்ணமே சான்று

பழம்பொருள் சேகரிப்பு என்றவுடன் நாணயமும் அஞ்சல்தலையும் நம் நினைவுக்கு வரும். பொம்மைத் தொடர்வண்டிகளின் பழைய பெட்டிகளைத் தேடித் தொகுப்போரும் உலகில் பலர் உளர். அமெரிக்காவில் இவர்களுக்கென 1954ஆம் ஆண்டிலேயே ஒரு சங்கம் தோன்றியது. அச்சங்கம் பென்சில்வேனியா மாநிலத்தின் ஸ்டிராஸ்பர்க் நகரில் ஓர் அருங்காட்சியகத்தையும் நடத்தி வருகிறது. மங்கிப்போய்க் கீறல் விழுந்த பெட்டிக்குப் புது வண்ணம் பூசலாமா என்பது சேகரிப்போர் முன் நிற்கும் வினா. பூசலாகாது என்பதே தக்க விடை.

அமெரிக்காவின் புகழ்பெற்ற லயனல் பொம்மை வண்டிகளைச் சான்றாகக் கொள்ளலாம். அந்நிறுவனம் 1900ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் தொடங்கப்பெற்றது. அதன் முதல் வண்டி, மின்சாரத்தால் ஓடும் திறந்த மரப்பெட்டி. கடைகளில் சரக்குகளை வைத்துக் காட்டுவதற்காகவே அது செய்யப்பட்டது. மக்களோ சரக்கை விட்டு வண்டியையே விலைக்குக் கேட்டனர். பின்னர் விந்தையான பெட்டிகள் பல வந்தன. 1947இல் வந்த பால் பெட்டியில், பொத்தானை அழுத்தினால் வெள்ளுடை அணிந்த சிறு பொம்மை மனிதர் பால் கலன்களை வெளியே தள்ளுவார். 1959இல் வந்த மற்றொரு பெட்டியில், கண்ணாடிக்குப் பின்னே மீன்கள் நீந்துவதுபோல் தோன்றும்.

இவற்றுள் மிகுந்த கவனத்துக்குரியது 1957ஆம் ஆண்டில் சிறுமியருக்கென விற்பனைக்கு வந்த தொடர்வண்டி. அதன் இஞ்சின் இளஞ்சிவப்பு. பெட்டிகள் இளம் ஊதா, இளமஞ்சள், வெளிர்நீலம் எனப் பல நிறத்தன. வடிவம் பழையதே, நிறம் மட்டுமே புதிது. சிறுமியர் விரும்புவது மென்மையான நிறங்களையே என நிறுவனம் கருதியது. உண்மைத் தொடர்வண்டியின் கறுப்பு இஞ்சினை விரும்பும் சிறுமியரும் இருப்பர் என அது எண்ணவில்லை போலும். அவ்வண்டி சரியாக விற்கவில்லை. அன்று விலைபோகாத அவ்வண்டியே இன்று அரிய பொருளாகிவிட்டது. சாதாரணப் பெட்டிகளுக்கு அதே நிறங்களைப் பூசி ஏமாற்றுவோரும் தோன்றினர்.

ஆகவே பழைய பெட்டிகளை அறிந்தோர் பளபளப்பைக் கண்டு மயங்குவதில்லை. ஒரே வகைப் பெட்டிகள் இரண்டினை அருகருகே வைத்து ஒப்பிடுகின்றனர். கீறலின் அடியில் தெரியும் நிறம், எழுத்துகளின் கூர்மை, சக்கரங்களை இணைக்கும் ஆணியைக் கழற்றிய தடம் ஆகியவற்றை நோக்கி உண்மையை உணர்கின்றனர். புது வண்ணம் பூசினால் இச்சான்றுகள் யாவும் மறையும். நல்லெண்ணத்தோடு பூசினாலும், ஏமாற்றப் பூசினாலும் இழப்பு ஒன்றே.

“துருப்பிடித்துப் பெட்டி அழிவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாமா?” எனச் சிலர் வினவுவர். அவர்தம் கவலை நியாயமானதே. துருவைத் தடுக்கலாம், சக்கரத்துக்கு எண்ணெய் இடலாம், உடைந்த உறுப்பை மாற்றி, மாற்றிய செய்தியைக் குறித்து வைக்கலாம். இவை பாதுகாப்பு. பழைய வண்ணத்தை மூடுவதோ பாதுகாப்பு ஆகாது.

அட்டைப்பெட்டியை விட்டு வெளியே எடுக்காத பொம்மைக்கே சந்தையில் பெருவிலை கிடைக்கிறது. எனினும் விலை வேறு, மதிப்பு வேறு. பொம்மை விளையாடுவதற்காகவே செய்யப்பட்டது. அதன் கீறல், ஏதோ ஒரு வீட்டில் ஒரு குழந்தை அதை ஓட்டி மகிழ்ந்தமைக்கு அடையாளம். பழைய பொம்மை ஒன்று கைக்குக் கிடைத்தால், மென்துணியால் தூசியைத் துடைத்து, அது யாரிடமிருந்து வந்தது என்பதை எழுதி வைத்தலே நன்று. தூரிகையை எடுக்க வேண்டுவதில்லை.