ஏ2 பால்: திரும்பப் பெற்றது தவறு
பால் உறைகளிலிருந்து ‘ஏ1’, ‘ஏ2’ விளம்பர வாசகங்களை நீக்குமாறு 2024 ஆகஸ்ட் 21 அன்று பிறப்பித்த உத்தரவை, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் ஐந்தே நாளில் திரும்பப் பெற்றது தவறு. கலந்தாலோசனை அவசியம் என்ற விளக்கத்தை ஏற்கலாம். அதற்காகப் பசும்பால் ஒவ்வாமையுள்ள கைக்குழந்தைகளை ஆபத்தில் விடுவதை ஏற்க முடியாது. இவ்விரு வகைப் பாலுக்கும் உள்ள வேறுபாடு, பீட்டா கேசீன் என்ற ஒரு புரதத்தில் ஓர் அமினோ அமிலம் மட்டுமே. ஒவ்வாமையைத் தூண்டும் மற்ற கேசீன்களும் பீட்டா லாக்டோகுளோபுலினும் ஏ2 என விற்கப்படும் நாட்டு மாட்டுப் பாலிலும் அப்படியே இருக்கின்றன. ‘எளிதில் செரிக்கும்’ என்ற வாசகத்தை நம்பி ஒவ்வாமையுள்ள குழந்தைக்கு அதைப் புகட்டினால் தோல் தடிப்பு, வாந்தி, மலத்தில் இரத்தம் என்று தொடங்கி, சில குழந்தைகளுக்கு உயிரைப் பறிக்கும் மூச்சுத்திணறல் வரை நேரலாம். பாட்டிமார் பரிந்துரைக்கும் ஆட்டுப்பாலும் இவர்களில் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளாது. தாய்ப்பாலை நிறுத்தத் தேவையில்லை. தாய்ப்பால் கிடைக்காத குழந்தைக்குப் புரதம் நன்கு சிதைக்கப்பட்ட சிறப்புப் பால்மாவே பெரும்பாலும் வழி. ஏழைப் பெற்றோருக்கு அதன் விலை எட்டாது என்பதால், மருத்துவர் உறுதிசெய்த குழந்தைகளுக்கு அரசு மருத்துவமனைகள் அதை இலவசமாக வழங்க வேண்டும். ஆணையமோ உத்தரவை உடனே மீண்டும் பிறப்பித்து, ‘பால் ஒவ்வாமை உள்ளோருக்கு ஏற்றதல்ல’ என்று ஒவ்வோர் ஏ2 உறையிலும் அந்தந்த மாநில மொழியில் அச்சிடக் கட்டளையிட வேண்டும்.