ஆய்வின் பயன் காணிக் குடியிருப்புக்கும் சேரட்டும்

களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தில் ஆய்வு செய்ய வேண்டுமானால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 28-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. சரியான விதிதான். சோலைமந்திக் கூட்டத்தின் பின்னால் நாள்முழுக்க ஆட்கள் நடப்பதும் ஆய்வின் பெயரால் செடிகளைப் பிடுங்குவதும் காட்டுக்குக் கேடு. அனுமதியைத் தளர்த்துங்கள் என்று நாம் கேட்கவில்லை. ஆய்வு முடிந்தபின் அந்த அறிவு எங்கே போகிறது என்பதே நம் கேள்வி.

இந்தக் காப்பகம் அமைந்துள்ள அகத்தியமலையின் கேரளப் பக்கம் 1987-இல் சென்ற ஆய்வாளர்களுக்கு வழிகாட்டிய காணிப் பழங்குடியினர், ஏதோ ஒரு காயைத் தின்றபடி சளைக்காமல் மலையேறினார்கள். அது ஆரோக்கியப்பச்சை என்னும் செடியின் காய். அதிலிருந்து பாலோடு தாவரவியல் ஆராய்ச்சி நிலையம் 'ஜீவனி' மருந்தை உருவாக்கியது. உரிமக் கட்டணத்தில் பாதியைக் காணிகளுக்குத் தர முன்வந்தது. பணம் வந்ததால் பங்கு பேசப்பட்டது. பெரும்பாலான ஆய்வுகளில் பணமே வராது. தவளை எத்தனை வகை, ஓடை எந்த மாதம் வற்றுகிறது என்பவைதான் கிடைக்கும். அவை ஆங்கில ஆய்விதழுக்குப் போகின்றன. ஆய்வாளருக்குத் தடம் காட்டிய சின்ன மயிலாறு காணிக் குடியிருப்புக்காரருக்கும், தீத்தடுப்புக் கோடு வெட்டும் வேட்டைத்தடுப்புக் காவலருக்கும் அவைதான் முதலில் தெரிய வேண்டியவை.

இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம். அனுமதிக்கு நிபந்தனை விதிக்க அதே 28-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆய்வு முடிந்த ஆறு மாதத்துக்குள் தமிழில் ஒரு சுருக்கம் வனச்சரக அலுவலகத்துக்கும் காணிக் குடியிருப்புக்கும் வந்தாக வேண்டும். உடன் உழைத்த காணிகள் சம்மதித்தால் அவர்கள் பெயர் கட்டுரையில் இடம்பெற வேண்டும். சுருக்கம் தராதவருக்கு அடுத்த அனுமதி கூடாது.

வனத்துறைக்கும் ஒரு கெடு வேண்டும். முதுகலை மாணவருக்கு இரண்டே ஆண்டுகள். அவரது விண்ணப்பம் மாதக்கணக்கில் மேசையில் கிடந்தால் மழைக்காலமே போய்விடும். 60 நாளில் முடிவு சொல்லுங்கள். மறுத்தால் காரணத்தை எழுதிக் கொடுங்கள்.

காட்டைப் பற்றிய அறிவு ஆய்வாளரோடு நின்றுவிடக் கூடாது; பள்ளிப் பிள்ளைகளும் காப்பகத்துக்கு வரட்டும். பேருந்து பேருந்தாக அல்ல, இருபது பேருக்கு மிகாமல். அவர்களுக்குப் பாடம் சொல்லக் காணிப் பெரியவர் ஒருவரை, ஆசிரியருக்குரிய ஊதியம் தந்து, துறையே அமர்த்த வேண்டும்.