எடை அட்டையும் கூலியும்

புட்டிப்பால் குடிக்கும் குழந்தை மூன்று மாதத்திற்குப் பின் விரைவாக எடை கூடும். தாய்ப்பால் குடிப்பது சற்று மெதுவாக. இது குறைபாடன்று. பழைய வளர்ச்சி அட்டவணை பெரும்பாலும் புட்டிப்பால் குடித்த அமெரிக்கக் குழந்தைகளை அளந்து வரையப்பட்டது. அதன்படி நிறுத்தால் ‘பால் போதவில்லை’ என்றுதான் தோன்றும். பால்மாவு நிறுவனங்களுக்கு வேறென்ன வேண்டும்? டில்லி உள்பட ஆறு நாட்டு நகரங்களில் தாய்ப்பால் குடித்த குழந்தைகளை அளந்து, 2006இல் உலக சுகாதார நிறுவனம் புதிய அளவுகோல் தந்தது.

ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே என்று அரசும் அறிவுரை கூறுகிறது. ஆனால் 2017இல் சட்டமான 26 வார ஊதிய விடுப்பு கட்டடவேலைச் சித்தாளுக்கு எட்டவில்லை. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் 6,000 ரூபாய்க்குக் குறையாத பேறுகால உதவியை உரிமையாக்கியது. மோடி அரசின் திட்டமோ முதல் குழந்தைக்கு 5,000 ரூபாயே தருகிறது. அது எத்தனை நாள் கூலிக்கு ஈடாகும்? முறைசாராத் தொழிலாளிக்கும் 26 வாரக் குறைந்தபட்சக் கூலி என்பதே நம் கோரிக்கையாக வேண்டும்.