சவுண்டல் தழையும் கழுத்து வீங்கிய குட்டியும்

போத்தனூருக்குத் தெற்கே எங்க தோட்டத்து வேலியோரம் சவுண்டல் வெச்சு எட்டு வருஷமாச்சு. சூபாபுல்னும் சொல்வாங்க. போன கோடையில் சோளத்தட்டு தீர்ந்துபோக, வெள்ளாட்டுக் குட்டிகளுக்கு ரெண்டு மாசம் அந்தத் தழையை மட்டுமே கட்டினேன். புரதம் 20 சதவீதத்துக்கு மேல, மருந்தடிக்காத தழை, செலவும் இல்லை. வேறென்ன வேணும்னு இருந்துட்டேன்.

முதல்ல முடி கொட்டுச்சு. அப்புறம் மூணு குட்டிக்குத் தொண்டையில் வீக்கம், வளர்ச்சியும் நின்னுபோச்சு. "குடற்புழுவா இருக்குமுங்க"ன்னார் பக்கத்துத் தோட்டத்து அண்ணன். மருந்து கொடுத்தும் வீக்கம் வத்தலை.

காரணம் தழைதான். அதில் மிமோசின் என்ற பொருள் இருக்கு, கொழுந்தில் ரொம்ப அதிகம். முடி கொட்ட வைப்பது அது. ஆட்டின் வயித்து நுண்ணுயிர்கள் அதை டிஎச்பி என்ற வேறொரு பொருளா மாத்துது. அது தைராய்டு சுரப்பியில் ஹார்மோன் உண்டாவதைத் தடுக்குது. ஹார்மோன் குறையக் குறையச் சுரப்பி வீங்கும். வளர்ற வயசுக் குட்டிக்கு அந்த ஹார்மோன்தானே ஆதாரம்! அயோடின் உப்பு வெச்சாலும் இந்த வீக்கத்துக்குப் பெரிசா பலன் இல்லை. சினையாட்டுக்கு அளவில்லாமப் போட்டா, பிறக்கிற குட்டியும் பாதிக்கப்படலாம்.

சவுண்டலுக்குச் சொந்த ஊர் மெக்சிகோ. ஆஸ்திரேலியாவில் மாடுகளுக்கு இதே தொல்லை வந்தது. ஹவாய் தீவு ஆடுகள் மட்டும் இதைத் தின்னும் நல்லாயிருக்கே என்று கவனிச்சவர் ரேமண்ட் ஜோன்ஸ் என்ற விஞ்ஞானி. அந்த ஆடுகளின் வயித்தில் டிஎச்பியைச் சிதைக்கும் பாக்டீரியா இருந்தது. அதை 1980களில் ஆஸ்திரேலிய மாடுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் தொல்லை தீர்ந்தது. 1992இல் அந்தப் பாக்டீரியாவுக்கு அவர் பெயரையே வெச்சாங்க. மரம் கடல் தாண்டி வந்துச்சு, அதைச் செரிக்கிற உயிர் எல்லா இடத்துக்கும் கூடவே வரலை. எனக்கு இந்த விஷயத்தில் ரொம்பப் பிடிச்சது இதுதான்.

நம்ம கூட்டங்களில் ஒரு பேச்சு உண்டு: "தழைதானுங்க, கெடுதல் பண்ணாது." நானும் அப்படிப் பேசினவன்தான். யூரியாவுக்குக் கேட்கிற கேள்வியைத் தழைக்கும், மூலிகைப் பொடிக்கும் நாம கேட்கிறதில்லை. தீவன நாற்று விக்கிறவங்க புரதக் கணக்கை மட்டும் சொல்றாங்க, அளவைச் சொல்றதில்லை. மொத்தத் தீவனத்தில் மூணில் ஒரு பங்குக்கு மேல சவுண்டல் வேண்டாம். கோழி, முயலுக்கு இன்னும் ரொம்பக் கம்மியாத்தான் போடணும்.

இப்போ தழையை வெட்டி வாடவெச்சு, வேம்பு, கிளுவை, கோ-4 புல்லோட கலந்து போடறேன். ரெண்டு குட்டிக்கு வீக்கம் வத்திருச்சு, முடியும் முளைக்குது. மூணாவது குட்டி இன்னும் கட்டையாவே நிக்குது.